அரசு சைக்கிள் போக முடியாத தடம் எங்களுக்கு வேண்டாம்

போன வாரம் ஒருவர் போன் பண்ணினார். நாங்கள் நடத்தும் மலை சைக்கிள் நாளுக்குப் பண உதவி செய்ய விருப்பம் என்றார். சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தவர், "முதல் பரிசு எவ்வளவு சார் வைக்கிறீங்க?" என்று கேட்டார். பரிசே கிடையாது, நேரமும் குறிப்பதில்லை என்றேன். "அப்புறம் எதுக்கு வருவாங்க?" என்றார். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சில வருஷம் முன்னால் ஒரு பந்தயத்துக்கு என் அக்கா மகனைக் கூட்டிப் போனேன். எந்தப் பந்தயம் என்பது வேண்டாம். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். 30 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் தனியாகவே ஓட்டியிருக்கிறான், முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லை. கடைசியாக வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கேன்கூட வண்டியில் ஏறிவிட்டது. வீடு வரும்வரை அவன் பேசவில்லை. அதற்கப்புறம் அந்தச் சைக்கிளைத் தொடவும் இல்லை.

சேலத்தில், சேர்வராயன் மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் நாங்கள் தடம் போட்டபோது என் மனதில் இருந்தது அந்தப் பையன்தான். நீளமான தடமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு சுற்று. காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை யார் எத்தனை சுற்று வேண்டுமானாலும் வரலாம். அரைமணி நேரம் போனால் முதலில் போகிறவர் யார், கடைசியில் வருகிறவர் யார் என்றே தெரியாது. யாராவது விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கிவிடலாம். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குப் பேரன் ஒவ்வொரு சுற்றிலும் கண்ணில் படுவான். ஓடை இறக்கம் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் செங்குத்து. பயப்படுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே சுற்றுவழி வெட்டிவைத்தோம். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதும் சைக்கிள் ஓட்டுவதில் சேர்ந்ததுதான் என்று தொடங்கும்போதே சொல்லிவிடுவோம்.

மலை கண்ணெதிரே நிற்கும்போது தோப்பில் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் இறந்தார்களே, அதை மறந்துவிட்டு ஒரு கூட்டத்தை மேலே கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வராது. தோப்பு என்றால் உரிமையாளர் ஒருவரிடம் கேட்டால் போதும். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: தை பிறந்து பூ பிடித்துவிட்டால் யாரும் உள்ளே வரக் கூடாது. அதனால் மார்கழி. மழை விட்டு மண் இறுகி, புழுதி இன்னும் கிளம்பாமல் இருக்கும். சைக்கிளுக்கும் அதுதான் நல்ல காலம்.

முதல் வருஷம் வந்தவர்களில் பாதிக்கு மேல் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் வந்தார்கள். கியர் கிடையாது, முன்னால் கூடை, பின்னால் கேரியர். "இதெல்லாம் மலைத் தடத்துக்குத் தாங்காது, திருப்பி அனுப்பிடலாம்" என்று எங்களில் ஒருவரே சொன்னார். பஞ்சர் கடை அண்ணன்தான் மறித்தார். ஒவ்வொரு சைக்கிளாகத் தலைகீழாக நிறுத்தினார். ஸ்பேனரைப் போட்டுக் கூடையைக் கழற்றினார். குழியில் குதிக்கும்போது ஸ்டாண்டு தானாக இறங்கிவிடும் என்று பழைய டியூபை நாடாவாகக் கிழித்து இழுத்துக் கட்டினார். தேய்ந்துபோன பிரேக் கட்டைகளை மாற்றினார். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டார். இருபது சைக்கிளுக்குச் செய்தார், காசு வாங்கவில்லை. அவை எல்லாமே அந்த ஓடை இறக்கத்தில் இறங்கி ஏறின. அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே சைக்கிளில் சுற்றுக்கு ஒருவராக மாற்றி மாற்றி ஓட்டினார்கள். தம்பி முறை வரும்போதெல்லாம் அண்ணன் பக்கத்திலேயே ஓடினான்.

இந்த விளையாட்டு தொடங்கியதே இப்படிப்பட்ட சைக்கிள்களில்தான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிரெஸ்டட் பியூட் என்று ஒரு பழைய சுரங்க ஊர். 1976 செப்டம்பரில் அந்த ஊர்க்காரர்கள் சிலர், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு பேர்ல் கணவாயைத் தாண்டி ஆஸ்பெனுக்குக் கிளம்பினார்கள். கணவாயின் உயரம் ஏறத்தாழ 3,870 மீட்டர், நம் தொட்டபெட்டாவைப் போல ஒன்றரை மடங்கு. தூரம் 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஓட்ட முடியாத இடத்தில் தள்ளினார்கள், வழியில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். ஆஸ்பென்காரர்கள் மோட்டார் சைக்கிளில் மலை தாண்டி வந்து பெருமை பேசினார்களாம், அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பயணம் என்பார்கள். யார் முதல் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் மலை சைக்கிள் வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பயணத்தைச் சொல்லாமல் போவதில்லை.

பந்தயம் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு அது வேண்டும், நடக்கட்டும். ஆனால் பரிசு என்று ஒன்றை நடுவில் வைத்துவிட்டால் தடம் அதற்கேற்ப நீண்டுவிடும். கியர் சைக்கிள் இல்லாத பையன் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பான். அந்த அண்ணன் தம்பியை எந்தப் பிரிவில் சேர்ப்பீர்கள்?

போனில் பேசியவரிடம் நேற்று மறுபடி பேசினேன். பரிசுத் தொகைக்குப் பதிலாக ஹெல்மெட் வாங்கித் தரச் சொன்னேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். தலையில் ஹெல்மெட் இல்லாமல் யாரையும் தடத்தில் விடுவதில்லை, அதில் மட்டும் நான் கறார். எங்களிடம் 35 இருக்கிறது, இன்னும் 25 வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் சைக்கிள் ஹெல்மெட் சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேலத்துக்குள் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். சின்னப் பிள்ளைகள் அளவு கிடைத்தால் ரொம்ப நல்லது.