பிள்ளைகளுக்குப் பிணத்தைக் காட்டுவது விழிப்புணர்வு இல்லை

ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் போட்ட அந்த அமெரிக்கத் துவக்குச்சூட்டு ஆவணப்படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். லயத்துப் பிள்ளைகளை முன்னுக்கு உட்கார வைத்து, ஆட்கள் செத்து விழுவதைக் காட்டி, லைட்டைப் போட்டு அனுப்பிவிட்டீர்கள். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்படும் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 1963இல் எடுத்த அந்தக் கென்னடிப் படம் முழுசாக 27 செக்கன்கூட இல்லை. அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சியிலேயே 1975இல்தான் ஓடியது. பெரியவர்களே அவ்வளவு காலம் பார்க்காததைப் பத்து வயதுப் பிள்ளை ஏன் பார்க்க வேண்டும்?

"டீவியில் வராத சண்டையா?" என்பீர்கள். அது நடிப்பு என்று பிள்ளைக்குத் தெரியும். "உலகம் தெரிய வேண்டாமா?" தெரியட்டும். 1981இல் ஜனாதிபதி ரேகனைச் சுட்டபோது அவருடைய ஊடகச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடிக்குத் தலையில் சூடு பட்டது. அவரும் மனைவி சாராவும் வருஷக்கணக்காகப் போராடித்தான் கைத்துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் சட்டம் 1993இல் வந்தது. படம் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லியிருக்கலாமே.

சரி, அமெரிக்காவை விடுங்கள். நம்ம மலையில் கட்டுத்துவக்கு இருக்கிறதே, மிருகம் தட்டினால் தானாக வெடிக்கும்படி கட்டி வைக்கிற துவக்கு! பன்றிக்குக் கட்டுவது பன்றி உயரத்தில்தான் இருக்கும். அதனால் மனுசனுக்கு முழங்காலிலும் கெண்டைக்காலிலும் படுகிறது. கொழுந்து மலை ஓரத்திலும் விறகுக்குப் போகும் பாதையிலும் அது நிற்கலாம். இதைப் பற்றி யாராவது பேசினீர்களா?

வெடி பட்டால் பதறி ஓடக் கூடாது, பக்கத்தில் இன்னொன்று கட்டியிருக்கலாம். வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். சுத்தமான துணியைக் காயத்தில் வைத்து முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும். பத்து நிமிசத்துக்கு எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்று. கை காலில் ரத்தம் பீறிட்டு நிற்காவிட்டால், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டில் படாமல், மூன்று விரல் அகலத் துணியைக் கட்டி, குச்சி செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கயிறோ கம்பியோ சதையை அறுத்துவிடும். கட்டிய நேரத்தைக் குறிக்க வேண்டும், இடையில் தளர்த்தவே கூடாது. உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். கோப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் காயத்தில் வேண்டாம். அழுக்குத்தான் உள்ளே போகும். ஆஸ்பத்திரியில் ஏற்பூசியும் (டெட்டனஸ் ஊசி) கேளுங்கள்.

"பிள்ளைகளுக்கு இது பயமாக இருக்காதா?" என்று ஒருவர் கேட்டார். செத்த முகத்தைக் காட்டும்போது வராத அக்கறை துணி கட்டப் பழக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? தோட்டத்துப் பிள்ளைக்கு எதைக் காட்டினாலும் கேட்க ஆள் இல்லை என்ற நினைப்புத்தான் எனக்கு வலிக்கிறது.

அடுத்த ஞாயிறும் மண்டபம் சும்மாதான் இருக்கிறது. முதலுதவி பழக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள். துணியும் குச்சியும் லயத்திலேயே கிடக்கிறது.