வரிக்காக நடந்த சண்டையாம்!

அந்த வீடியோவைப் பத்தி வாயைத் திறக்க வேண்டாம்னுதான் இருந்தேன். ஆளாளுக்கு டேக் பண்ணிட்டீங்க. சரி.

அந்த வீடியோ சொல்றது இதுதான்: அமெரிக்காவுல வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதின உள்நாட்டுப் போர் அடிமைமுறைக்காக நடக்கலையாம். வரிக்காகவும் மாநில உரிமைக்காகவும், அதாவது மத்திய அரசு தலையிடாம மாநிலமே முடிவெடுக்குற உரிமைக்காகவும் நடந்துச்சாம். அண்ணே, நாட்டை விட்டுப் பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்கள் காரணத்தைத் தெளிவா எழுதி வெச்சுட்டுத்தான் போனாங்க. 1861 ஜனவரியில அதுல ஒண்ணான மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கையைப் படிங்க. எங்க நிலைப்பாடு முழுக்க அடிமைமுறையோட பிணைஞ்சதுன்னு ஆரம்பத்துலயே சொல்றாங்க. அவங்களுக்கே இல்லாத கூச்சம் உங்களுக்கு எதுக்கு?

மாநில உரிமையா? தப்பியோடின அடிமையைப் பிடிச்சுக் கொடுக்கணும்னு 1850-ல போட்டது மத்திய சட்டம். பிடிபட்டவரைத் திருப்பி அனுப்பினா விசாரணை அதிகாரிக்கு 10 டாலர், விடுவிச்சா 5 டாலர். வடக்கு மாநிலங்கள் இதைத் தடுக்கத் தனிச்சட்டம் போட்டாங்க. பிரியும்போது தென் கரோலினா அடுக்கின குறைகள்ல பெருசே அதுதான். அப்ப வடக்குக்கு மட்டும் மாநில உரிமை கிடையாதாக்கும்!

வரி? 1857-ல சுங்க வரி குறைஞ்சுதான் இருந்துச்சு. அதை ஏத்தின சட்டம் நிறைவேறினது 1861 மார்ச்சுல, ஏழு மாநிலம் வெளியேறின பிறகு. 1856-ல செனட் சபைக்குள்ளயே வடக்கு செனட்டர் சம்னரைக் கைத்தடி உடையற வரைக்கும் அடிச்சாரே தென் கரோலினா எம்.பி. புரூக்ஸ், வரி பாக்கிக்காகவா? சம்னர் பேசினது இன்னும் மாநிலம் ஆகாத கான்சஸ் பகுதியில அடிமைமுறை நுழையறதை எதிர்த்து. அடிச்சவருக்குத் தெற்குல இருந்து புதுத்தடி பரிசா வந்துச்சு.

"லிங்கனே அடிமைமுறையில கை வைக்க மாட்டேன்னு சொன்னாரே"ன்னு வருவீங்க. சொன்னார். ஏற்கெனவே இருக்குற மாநிலங்கள்ல கை வைக்க மாட்டேன், புதுப் பகுதிகளுக்குப் பரவ விடமாட்டேன்னார். அவ்வளவுக்கே பொறுக்காமப் போனாங்கன்னா எதுக்காகப் போனாங்க? "வடக்கு மட்டும் யோக்கியமா?" இல்லை. தெற்கு விளைவிச்ச பஞ்சுல அவங்க மில்லும் ஓடுச்சு. அதுக்கு நான் என்ன பண்ண? "தெற்குச் சிப்பாய் பலர்கிட்ட அடிமையே இல்லையே." அதெல்லாம் இன்னொரு நாள்.

"நீ ஏன் இவ்வளவு டென்ஷன் ஆகுற, உன் தாத்தாவா அங்க இருந்தார்?"னு ஒருத்தர். சொல்றேன். தென் கரோலினாவுல சார்ல்ஸ்டன் பக்கம் ஒரு பழைய பண்ணை வீட்டுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். வழிகாட்டிப் பொண்ணு சரவிளக்கு, பீங்கான் தட்டு, தோட்டம்னு முக்கால் மணி நேரம் பேசுச்சு. வயல்ல வேலை செஞ்சவங்களைப் பத்திப் பேச்சு வந்தப்ப "தொழிலாளர்கள்"னு ஒத்தை வார்த்தை. அப்பா தன் அரைகுறை இங்கிலீஷ்ல கேட்டார்: "சம்பளம் எவ்வளவு?" அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு அடுத்த ரூமுக்கு நகர்ந்துடுச்சு. கூட வந்தவங்க எங்களைத்தான் ஒரு மாதிரி பார்த்தாங்க.

வெளிய வந்தா செங்கல் சுவர். பச்சை மண்ணா இருக்கும்போது எடுத்து அடுக்கின அடிமைப் பிள்ளைங்களோட விரல் தடம் சில கல்லுல அப்படியே பதிஞ்சிருக்கு. அம்மா ஒரு குழியில சுண்டுவிரலை வெச்சுப் பார்த்தாங்க. நுழையல. திரும்பி வர்ற வரைக்கும் கார்ல யாரும் பேசல.

வரியாம்.