ஆடின பல்லுக்கும் டியூ உண்டு

பெரியம்மாவுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பல் கட்ட வேண்டியிருந்தது. கழற்றி மாட்டும் செட் வேண்டாம், தாடை எலும்பில் ஸ்க்ரூ இறக்கி அதன் மேல் பல் கட்டும் இம்ப்ளாண்ட் வைத்துவிடலாம் என்றார்கள். ஒன்று 45,000, இரண்டும் சேர்த்து 90,000. நான் யோசிப்பதைப் பார்த்த ரிசப்ஷன் பெண், "வட்டியே கிடையாதுங்கண்ணா, மாசம் 7,500 தான்" என்று சொல்லிக்கொண்டே டேப்லெட்டை நீட்டினார். ஆதார், பான், ஒரு செல்ஃபி, இரண்டு ஓ.டி.பி. எக்ஸ்ரே அறையிலிருந்து பெரியம்மா வெளியே வருவதற்குள் என் பெயரில் கடன் சாங்ஷன் ஆகி, பணம் கிளினிக் கணக்குக்குப் போய்விட்டது. நான் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து மேலே கேப் போட்டார்கள். ஏழாம் மாதம் ஒரு நாள் இட்லி சாப்பிடும்போது அதில் ஒன்று ஸ்க்ரூவோடு கையில் வந்துவிட்டது. பெரியம்மா அதைக் கழுவி, தோடு வைக்கிற சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

இம்ப்ளாண்ட் எலும்பில் பிடிக்கவில்லை என்றாலே டாக்டர் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரியம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. ஸ்க்ரூ இறக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனைகூட எடுக்கவில்லை. கேட்டால், "அவங்க எலும்பு வீக்" என்கிறார்கள். அதை முன்னாலேயே பார்க்கத்தானே 90,000?

சரி, கடன் கொடுத்தவரிடம் பேசுவோம் என்று போன் செய்தேன். "சார், ட்ரீட்மெண்ட் உங்களுக்கும் கிளினிக்குக்கும். லோன் தனி. டியூ பவுன்ஸ் ஆச்சுன்னா சிபில் அடிபடும்."

எனக்குக் கோபம் வந்தது இந்த 'தனி' என்ற சொல்லில்தான். கடன் கம்பெனியை நானா தேடிப் போனேன்? கிளினிக் மேஜையில் அவர்கள் டேப்லெட் இருந்தது. வட்டி இல்லாத கடன் என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. என்னிடம் வாங்காத வட்டியைப் பெரும்பாலும் கிளினிக்குக்குக் கொடுக்கும் தொகையில் முன்கூட்டியே கழித்துக்கொள்வார்கள். லாபத்தில் கூட்டாளி, பல் விழுந்தால் மட்டும் மூன்றாம் மனிதரா?

இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி ஐம்பது வருஷம் ஆகிறது. விற்பவரும் கடன் கொடுப்பவரும் சேர்ந்துதான் தொழில் செய்கிறார்கள் என்று 1971ல் கிரௌத்தர் குழு எழுதியது. 1974ல் வந்த நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் அது சட்டமாகவே ஆனது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளோ சேவையோ, கிரெடிட் கார்டிலோ விற்பவர் ஏற்பாடு செய்த கடனிலோ வாங்கியிருந்தால், விற்பவர் ஒப்பந்தத்தை மீறினாலும் பொய் சொல்லி விற்றாலும் கடன் கொடுத்தவரும் சேர்ந்து பொறுப்பு. கிளினிக் இழுத்து மூடிவிட்டாலும் நேராக அவரிடம் கேட்கலாம். பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் தொழிற்சாலை சிலிக்கானை மார்பக இம்ப்ளாண்டில் நிரப்பி விற்றது 2010ல் வெளியானபோது, கார்டில் பணம் கட்டியிருந்த பெண்கள் கையில் எடுத்ததும் இதே பிரிவைத்தான்.

இங்கே அப்படி ஒரு பிரிவு கிடையாது. ஆப் வழியாக வாங்கும் கடன் தொகை, கடன் வாங்குபவர் கணக்குக்கே போக வேண்டும் என்று 2022ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. குறிப்பிட்ட செலவுக்கான கடன் என்றால் நேராக விற்பவருக்கு அனுப்பலாம் என்று அதிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. கிளினிக் கடன்கள் அந்த வாசல் வழியாக வருகின்றன. விலக்கு கொடுத்தவர்கள் கூடவே பொறுப்பையும் கட்டிவிட்டிருக்கலாம்.

அதற்காகக் கோபத்தில் டியூவை நிறுத்திவிடாதீர்கள். ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆவது செக் பவுன்ஸ் மாதிரியே குற்றம், 2007ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. கடன் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சிகிச்சைக் குறைக்கு நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வழக்கு முடியும்வரை டியூவை நிறுத்திவைக்க இடைக்கால உத்தரவு கேட்கலாம். தருவார்களா என்பது ஆணையத்தின் கையில். அப்புறம், எக்ஸ்ரே, பில், கடன் விவரத் தாள் எல்லாவற்றையும் சண்டை முற்றும் முன்பே வாங்கிவிடுங்கள். எனக்கு எக்ஸ்ரே வாங்க மூன்று நடை ஆனது.

நாளை 5ஆம் தேதி. அக்கவுண்டில் 7,500 போட்டு வைத்திருக்கிறேன். மனுவில் முதல் எதிர்தரப்பு கிளினிக், இரண்டாவது கடன் கம்பெனி. இரண்டாவது பெயர் நிற்காது என்கிறார் வக்கீல் நண்பர். இருக்கட்டும், எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். டப்பாவையும் கொண்டு போக வேண்டுமா என்று பெரியம்மா கேட்கிறார்.