ஒற்றை ஊசியில் எலி தேறிவிட்டது என்றால் நம்பாதீர்கள்

பரம்பரையாக வரும் அறிவுசார் குறைபாட்டுக்கு மருந்து தயார், எலியில் நன்றாக வேலை செய்கிறது என்று செய்தி வந்தால், அதன் கீழே பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: எங்கள் பிள்ளைக்கு எப்போது கிடைக்கும்? நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று இருக்கின்றன. மருந்தை எத்தனை நாள் கொடுத்தார்கள்? குறைபாடில்லாத எலிக்கும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்களா? மருந்தை நிறுத்தி, அது உடலைவிட்டுப் போன பிறகு மறுபடி சோதித்தார்களா? மூன்றாவது கேள்விக்குப் பல ஆய்வுகளில் பதிலே கிடைக்காது.

மருந்து இரத்தத்தில் ஓடும்போது எலியின் நடத்தை மாறுவது வேறு, மூளை தேறுவது வேறு. முதலாவதைக் காட்டிவிட்டு அதற்கு இரண்டாவதன் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் துறையில் அதிகம் அடிபட்ட எலி ஃபிராஜைல் எக்ஸ் எலிதான். ஃபிராஜைல் எக்ஸ் என்பது பரம்பரையாக வரும் அறிவுசார் குறைபாட்டு நோய்களில் ஒன்று. அந்த நோய்க்குக் காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 மரபணு. அதில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல் அடுக்கிக்கொண்டு போனால் மரபணு வாயடைத்துப் போகிறது, எஃப்எம்ஆர்பி என்ற புரதம் உருவாவதில்லை. 1991இல் மரபணு பிடிபட்டது. 1994இல் டச்சு, பெல்ஜிய ஆய்வாளர்கள் அதை முடக்கிய சுண்டெலியை உருவாக்கினார்கள். எலியில் அந்த அடுக்கை நீட்டி வைத்தாலும் மனிதரில் நடப்பதுபோல மரபணு மூடிக்கொள்வதில்லை, இந்த எலியில் மரபணு நேரடியாக முடக்கப்பட்டது. அதனால் மூடிய மரபணுவைத் திறக்கும் சிகிச்சை எதையும் இந்த எலியில் சோதிக்க வழியில்லை. புரதம் இல்லாததன் பின்விளைவுகளைச் சரிசெய்யும் மருந்துகளைச் சோதிக்கலாம்.

இந்த எலி துறுதுறுவென்று ஓடும். விரைகள் பெருத்திருக்கும். நரம்பணுக் கிளைகளின் முட்கள் நீண்டு மெலிந்திருக்கும். பெரும் சத்தம் கேட்டால் வலிப்பு வரும். கற்றலில் குறை மட்டும் நாம் எதிர்பார்த்த அளவுக்குத் தெரிவதில்லை. நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடை எங்கே என்று நினைவில் வைத்துத் தேடும் நீர்த்தொட்டிச் சோதனையில் இது இயல்பு எலிக்கு ஏறக்குறைய சமமாகவே நீந்தி மேடையைக் கண்டுபிடித்துவிடும். அறிவுக் குறைபாட்டுக்கான மருந்தை, அறிவில் அவ்வளவாகக் குறையில்லாத எலியில் சோதிக்கிறோம்!

அதனால் எல்லோரும் போய் நிற்பது வலிப்புச் சோதனையில். பார்க்க எளிது, எண்ணிக்கை தெளிவு. மூன்று வாரக் குட்டியை ஒரு பெட்டியில் விட்டு, ஒரு நிமிடம் பழகவிட்டு, 120 டெசிபல் அளவில் அலாரத்தை இரண்டு மூன்று நிமிடம் அலறவிட வேண்டும். முதலில் காது விறைக்கும். அடுத்து குட்டி சுவரோரமாகச் சுற்றிச் சுற்றித் தறிகெட்டு ஓடும். பிறகு பக்கவாட்டில் விழுந்து கால்கள் வெட்டி இழுக்கும், கடைசியில் உடல் நீட்டி விறைக்கும். சில குட்டிகள் அங்கேயே மூச்சு நின்று செத்துப்போகும். எந்தக் கட்டம் வரை போனது என்பதுதான் மதிப்பெண்.

இதிலும் கோளாறு வரும் இடங்கள் உண்டு. அலாரத்தின் பேட்டரி இறங்கினால் சத்தமும் இறங்கும், அன்றைக்கு மருந்து "வேலை செய்யும்". எலியின் தலை உயரத்தில் ஒலிமானியை வைத்து ஒவ்வொரு நாளும் அளக்காமல் தொடங்கக் கூடாது. காத்திருக்கும் குட்டிகள் பக்கத்து அறையில் இருந்து அதே சத்தத்தைக் கேட்டால் அவற்றின் வலிப்புத் தன்மையே மாறிவிடும். ஒரு குட்டிக்கு ஒரே ஒரு தடவைதான். வயது சில நாள் தள்ளினாலும் முடிவு மாறும், அதனால் எல்லாக் குழுவிலும் ஒரே வயது வேண்டும்.

எலி வம்சமும் முக்கியம். எஃப்விபி வம்சத்தில் வலிப்பு நன்றாக வரும். ஆனால் சாதாரண எஃப்விபி எலிக்கு விழித்திரை சிதைந்து, தாயைவிட்டுப் பிரிக்கும் வயதிலேயே பார்வை போய்விடும். அதைக் கொண்டுபோய் நீர்த்தொட்டியில் விட்டுவிட்டு நினைவாற்றல் குறைவு என்று எழுதினால் யார் மேல் குற்றம்? அந்தக் கண் கோளாறு நீக்கப்பட்ட எஃப்விபி எலிகள் தனியாகக் கிடைக்கின்றன, அவற்றைத்தான் வாங்க வேண்டும். சி57 வம்சத்துக்குக் கண் நன்றாக இருக்கும், வயது ஏற ஏறக் காது மந்தமாகும்.

இனி குழுக்கள். இயல்பு எலிக்கு வெறும் கரைசல், இயல்பு எலிக்கு மருந்து, நோய் எலிக்கு வெறும் கரைசல், நோய் எலிக்கு மருந்து. நான்கும் வேண்டும். செலவை மிச்சப்படுத்த இரண்டாவது குழுவை வெட்டுகிறார்கள், ஆய்வு சாவது அங்கேதான். திறந்தவெளிப் பெட்டியில் நோய் எலி அதிகம் ஓடுகிறது, மருந்து கொடுத்ததும் ஓட்டம் குறைகிறது. சரி, தூக்க மாத்திரை கொடுத்தாலும்தான் குறையும். இயல்பு எலியின் ஓட்டமும் அதே அளவு குறைந்தால் நீங்கள் கண்டுபிடித்திருப்பது ஒரு மயக்க மருந்து. உடன் ரோட்டாராட் என்ற சுழலும் உருளையில் ஏற்றி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

புள்ளியியலில் செய்யும் தப்பும் இதோடு சேர்ந்ததுதான். "மருந்து கொடுத்த நோய் எலிக்கும் இயல்பு எலிக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஆகவே குணமாகிவிட்டது" என்று முடிவெழுதுகிறார்கள். எட்டு எட்டு எலி வைத்துப் பார்த்தால் எதிலும்தான் வித்தியாசம் தெரியாது. மருந்தின் விளைவு நோய் எலியில் ஒரு மாதிரியும் இயல்பு எலியில் வேறு மாதிரியும் இருக்கிறதா என்பதை, அதாவது மரபணுவும் மருந்தும் ஒன்றோடொன்று ஊடாடுவதை, நேரடியாகச் சோதிக்க வேண்டும்.

குழுவுக்கு 12 ஆண் எலி என்று வைத்தால் மொத்தம் 48, அதில் 24 நோய் எலி. ஓர் எக்ஸில் மட்டும் மரபணு முடங்கிய தாயை இயல்பு ஆணோடு சேர்த்தால் குட்டிகளில் கால்வாசி நோயுள்ள ஆண், கால்வாசி இயல்பான ஆண். ஓர் ஈற்றுக்கு ஏழு குட்டி என்றால் நோயுள்ள ஆண் இரண்டுகூடத் தேறாது. 24 சேர்க்க 14 ஈற்றுகள். தாய் குட்டியைத் தின்பது, குட்டி சாவது எல்லாம் சேர்த்து 17, 18க்குத் திட்டமிடுவது நல்லது. இந்தச் சிரமத்துக்குப் பயந்து நோய் எலி ஜோடியைத் தனியாகவும் இயல்பு எலியை வெளியிலிருந்தும் வாங்குகிறார்கள். அப்போது குட்டியை வளர்த்த தாயே வேறாகிவிடுகிறாள். ஒரே ஈற்றில் பிறந்த சகோதரர்களைத்தான் ஒப்பிட வேண்டும், அதுவும் ஓர் ஈற்றின் குட்டிகளை நான்கு குழுவுக்கும் பிரித்துப் போட்டு.

மருந்து கலக்கும் மேசையில் நடக்கும் தவறு கட்டுரையில் ஒருபோதும் வராது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் 25 கிராம் எலிக்கு 0.25 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் கரைசல் என்றால் ஊசியில் 0.25 மில்லிலிட்டர் ஏற்ற வேண்டும். நீரில் கரையாத மருந்தை முதலில் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் முழுதாகக் கரைத்து, அடுத்து நீரோடு கலக்க உதவும் ட்வீன் 80 சேர்த்து, அதன்பிறகு வெதுவெதுப்பான சலைனைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கிக்கொண்டே விட வேண்டும். வரிசை மாறினாலோ குளிர்ந்த சலைனை ஒரேயடியாக ஊற்றினாலோ பால்போல் கலங்கும். பத்து நிமிடத்தில் வெள்ளைப் படிவு அடியில் உட்காரும். மேலே இருந்து எடுத்துப் போட்ட முதல் எலிக்கும் அடியில் வழித்துப் போட்ட கடைசி எலிக்கும் டோஸ் ஒன்றல்ல. மருந்து உப்பு வடிவில் வந்திருந்தால் மருந்தோடு சேர்ந்த உப்புப் பகுதியின் எடையைக் கழித்துக் கணக்குப் போட வேண்டும். கரைசல் புட்டியில் சங்கேத எண்ணை ஒட்டுபவர் வேறு, ஊசி போடுபவர் வேறு, மதிப்பெண் போடுபவர் வேறு என்றிருக்க வேண்டும்.

எலி டோஸை 12.3ஆல் வகுத்தால் மனித டோஸ் என்றொரு வாய்ப்பாடு உண்டு. அந்தக் கணக்கில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், 60 கிலோ மனிதருக்கு 49 மில்லிகிராமை ஒட்டி வரும். தோராயத்துக்கு அது போதும். ஆனால் ஊசி போட்ட அரை மணி, ஒரு மணி, இரண்டு, நான்கு, எட்டு மணிக்கு இரத்தத்திலும் மூளையிலும் மருந்தின் அளவைப் பார்க்காமல் நடத்தைச் சோதனைக்குப் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

நரம்பணுவின் மேலுள்ள எம்குளுஆர்5 என்ற ஏற்பியின் கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஏற்பியின் மிகையான சமிக்ஞைதான் கோளாறு என்ற கருத்தை 2004இல் பேர், ஹூபர், வாரன் மூவரும் முன்வைத்தார்கள். அதைத் தடுக்கும் எம்பிஇபி என்ற மருந்து எலியில் வலிப்பை அடக்கியது. ஆனால் தொடர்ந்து கொடுத்தபோது அதன் பலன் மங்கியது, அது அப்போதே பதிவான விஷயம். 2007இல் அந்த ஏற்பியை மரபணு வழியே பாதியாகக் குறைத்து எலியின் பல குறைகளைத் திருத்திக் காட்டினார்கள். 2012இல் அதே ஏற்பியைத் தடுக்கும் சிடிஇபி மருந்தை வாரக்கணக்கில் கொடுத்து, வளர்ந்த எலியிலும் பலன் காட்டினார்கள். பிறகு இதே வகை மருந்துகளான நோவார்ட்டிஸின் மாவோகுளுரன்ட், ரோஷின் பாசிம்குளுரன்ட் இரண்டுமே மனிதரில் தோற்றன. நீண்ட நாள் கொடுத்துக் காட்டியதும் போதவில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். மருந்து உள்ளே இருக்கும்போதுதானே பெரும்பாலும் அளந்தார்கள்? மனிதரில் அளந்ததோ பெற்றோர் நிரப்பும் நடத்தைப் படிவம். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் அதில் மதிப்பெண் ஏறியது.

இதற்கு மாறாக, பிடிஇ4டி நொதியைத் தடுக்கும் ஸடோல்மிலாஸ்ட் மருந்தை எலிக்கு 14 நாள் கொடுத்தார்கள், இயல்பு எலிக்கும் கொடுத்தார்கள். இயல்பு எலியின் நடத்தை மாறவில்லை. மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் கழித்தும் நோய் எலியில் பலன் நின்றது. 2021இல் 30 ஆண்களில் நடந்த சிறிய சோதனையில் படிவத்தோடு நிற்காமல் திரையில் சொற்களையும் படங்களையும் காட்டி அளந்தார்கள், மொழி சார்ந்த மதிப்பெண்கள் ஏறின. ஒரு சிறிய சோதனையை வைத்துக் கொண்டாட வேண்டாம். ஆனால் எலிச் சோதனை இந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பணமோ கூண்டோ போதவில்லை என்பவர்களுக்கு: சோதனைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், குழுக்களைக் குறைக்காதீர்கள். முதலில் கோலிக்குண்டு புதைக்கும் சோதனையை விடுங்கள். 20 குண்டுகளைப் பரப்பி அரை மணியில் எத்தனை புதைந்தன என்று எண்ணுவது. ஃபிராஜைல் எக்ஸ் எலி அதிகம் புதைக்கிறது என்று ஓர் ஆய்வகம் சொல்லும், குறைவாகப் புதைக்கிறது என்று இன்னொன்று சொல்லும். எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் மருந்து பலித்ததாகவே எழுதிக்கொள்ளலாம்.