மாதுளை விதையை அவள் விரும்பித் தின்றாளா?
கிரேக்கப் புராணத்துப் பெர்செபொனி தன் விருப்பத்தோடுதான் பாதாள உலகின் அரசன் ஹேடிஸிடம் போனாள், இன்றைய காதல் நாவல்கள் அந்தப் பழைய கதையைத்தான் மீட்டெடுக்கின்றன என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய கிரேக்கக் கவி ஹோமர் பெயரில் வழங்கும், அவள் அம்மா டிமீட்டரைப் பற்றிய துதியில், பூப்பறிக்கும்போது நிலம் பிளந்து ஹேடிஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான், அவள் அலறுகிறாள், அவளைப் பாதாளத்தோடு கட்டிவைத்த மாதுளை விதையையும் வற்புறுத்தித் தின்னவைத்தான் என்று அம்மாவிடம் அவளே சொல்கிறாள். பல நூற்றாண்டு கழித்து வந்த ரோமானியக் கவிஞர் ஓவிட்தான் அவளே பழத்தைப் பறித்து ஏழு விதை தின்றதாக எழுதினார், அங்கேயும் அவளுக்கு அவன்மேல் காதல் என்று ஒன்றும் இல்லை. சரி, கதையை மாற்றட்டும், அந்த நாவல்களை நானும் ஆசையாகப் படிக்கிறேன், ஆனால் மாற்றியதை மாற்றியது என்றே சொல்லுங்கள், அந்த அலறலை இல்லாததாக்கிவிடாதீர்கள். அப்புறம், பகைவனைக் காதலிக்கும் குறையுள்ள நாயகி நம் இலக்கியத்தில் கிடையாது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய தமிழ்க் காப்பியத்தின் நாயகி குண்டலகேசி இல்லையா? கொலைத்தண்டனைக்கு இழுத்துப் போகப்பட்ட கள்வனை ஆசைப்பட்டு மணந்தாள், அவனே மலையுச்சியில் தன்னைக் கொல்லப் பார்த்தபோது, கடைசியாகச் சுற்றி வந்து வணங்குகிறேன் என்று பின்னால் போய்த் தள்ளிவிட்டாள். கல்லூரியில் இதைப் படித்த அன்று எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை.