அந்த ஒரு நட்சத்திரம்

சனிக்கிழமை ஒரு நண்பரோடு சூலா விஸ்டாவில் ஒரு சின்ன மெக்சிகன் கடல் உணவுக் கடைக்குப் போனேன்; கலிபோர்னியாவில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்து ஊர் அது. அங்கே நடந்தது இந்நேரம் உங்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நண்பர் போட்ட விமர்சனத்தையும் பார்த்திருப்பீர்கள். இறால் பழசாம், வாடை அடித்ததாம், கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அதே மேசையில், அதே தட்டில் சாப்பிட்டவன் நான். இறால் பழசில்லை. வாடையைக் கிளப்பியது அவர் கையோடு கொண்டுவந்த சிவப்பு ஒயின்.

நாங்கள் சாப்பிட்டது அகுவாச்சிலே. மெக்சிகோவின் சினலோவா பக்கத்துச் சாப்பாடு. பச்சை இறாலைப் பிளந்து, எலுமிச்சைச் சாறும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்றி, வெள்ளரிக்காயும் வெங்காயமும் போட்டு உடனே கொண்டுவந்து வைப்பார்கள். அடுப்பு வேலையே கிடையாது. தட்டு வந்தபோது இறாலின் ஓரம் மட்டும் வெளுத்து, நடுப்பகுதி கண்ணாடி மாதிரி இருந்தது. கடித்தால் நறுக்கென்றது. பழைய இறால் கொழகொழவென்று இருக்கும் என்பது மீன் வாங்கிச் சமைக்கிற யாருக்கும் தெரியும்.

அதோடு நண்பர் குடித்தது கேபர்னே, கலிபோர்னியாவின் பெயர்பெற்ற ஒயின் பகுதியான நாப்பாவின் சிவப்பு ஒயின். பதினான்கரை சதவீத ஆல்கஹால், நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு. மிளகாய்க் காரத்தின் மேல் ஆல்கஹால் விழுந்தால் எரிச்சல்தான் கூடும். எலுமிச்சைப் புளிப்புக்கு முன்னால் புளிப்பு குறைந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே இரும்பு. ஒயினில் இரும்பு கூடக்கூட, கடல் உணவோடு சேரும்போது மீன் வாடையும் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-லேயே காட்டிவிட்டார்கள். சிவப்பு ஒயினில் பெரும்பாலும் இரும்பு அதிகம். கடைக்காரர் என்ன செய்வார்?

அந்தக் கடையிலேயே மெக்சிகோவின் குவாதலூப்பே பள்ளத்தாக்கில் செய்த சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் கிடைத்தது. ஜில்லென்று, நல்ல புளிப்போடு. நான் அதைத்தான் வாங்கினேன். "பிளாஸ்டிக் நாற்காலி போட்ட கடையில் இவருக்கு ஒயின் கேட்கிறது" என்று நண்பர் எல்லார் முன்னாலும் சொன்னார். அது இன்னும் எனக்கு வலிக்கிறது. நாற்காலியைப் பார்த்தா ஒயின் தேர்ந்தெடுப்பது? தட்டில் இருக்கிற எலுமிச்சையையும் மிளகாயையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் மெக்சிகோவின் கடலோர ஊரான என்செனாதாவில் ஒரு தள்ளுவண்டிக்கு முன்னால் நின்று டோஸ்டாடா சாப்பிட்டேன். மொறுமொறு சோள அடையின் மேல் மீனும் சிப்பியும். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. அன்று மதியமே குவாதலூப்பே பள்ளத்தாக்குக்குப் போனோம், பக்கம்தான். அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை ஊற்றிக் கொடுத்த பெரியவர், "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். விலையைப் பற்றிப் பேசவே இல்லை. நான் ஒயின் கற்றுக்கொண்டது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

இந்தச் சாப்பாட்டுக்கு பீர்தானே பொருத்தம் என்பீர்கள். சரி, குடியுங்கள், நன்றாகவே இருக்கும். மெக்சிகோவுக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: வடக்கு மெக்சிகோவின் பர்ராஸ் ஊரில் 1597-லிருந்து ஒயின் தொழில் நடக்கிறது. நாப்பா என்ற பெயரையே யாரும் கேள்விப்படாத காலம் அது.

அவரவர் நாக்கு, அவரவர் விருப்பம் என்று நேற்று ஒருவர் உள்பெட்டியில் பாடம் எடுத்தார். ஐயா, அவர் கேபர்னே குடித்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தன் காசு, தன் பாட்டில். ஆனால் அது ஒத்துப்போகாததற்குப் பழியை ஒரு சமையல்காரம்மா தலையில் போட்டாரே, அதுவும் அவரவர் விருப்பமா? விலை உயர்ந்த பாட்டில் தப்பாக இருக்காது, மலிவான கடைதான் தப்பாக இருக்கும் என்று எவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம்!

நேற்று சாயங்காலம் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். அந்தம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். போனில் அந்த விமர்சனத்தைக் காட்டி, இறால் நிஜமாகவே நன்றாக இல்லையா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து, ஒரு இறாலை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். கடல் தண்ணீர் வாசம் மட்டும்தான் இருந்தது.

நண்பரே, அந்த விமர்சனத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.