முதல் சம்பளமும் மாமா கொண்டுவந்த பாலிசியும்

இருபதுகளிலேயே எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் ஒரு தொகை போடுவதை, தொடங்குங்கள் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள், சரிதான், ஆனால் குடத்தில் இருக்கிற ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? 2016இல் எனக்கு முதல் சம்பளம் வந்த வாரமே தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாமா வீட்டுக்கு வந்துவிட்டார், அம்மா காபி கொண்டுவந்து வைப்பதற்குள் பேனா மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்து "இங்க ஒரு கையெழுத்து மாப்ள" என்றார். மாதம் 2,000 ரூபாய், 20 வருட எண்டோமென்ட் பாலிசி, அதாவது காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த பாலிசி. மூன்று வருடம் கட்டிவிட்டு சரண்டர் செய்தேன், அதாவது பாதியிலேயே முடித்துக்கொண்டேன், கட்டிய 72,000இல் கைக்கு வந்தது ஏறக்குறைய 25,000. சரி, காப்பீடாவது பெரிதா என்றால் ஐந்து லட்சம்கூட இல்லை. இப்போது அதைவிடக் குறைந்த பிரீமியத்தில் ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி, அதாவது சேமிப்பு இல்லாத வெறும் ஆயுள் காப்பீடு, வைத்திருக்கிறேன்.

அப்புறம் பிஎஃப், சம்பளத்தில் பிடிக்கிற வருங்கால வைப்பு நிதி. வேலை மாறும்போதெல்லாம் அதை எடுத்து பைக்குக்கு முன்பணம் கட்டுகிறவர்கள் என் அலுவலகத்திலேயே நாலு பேர். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி வேறு, யுஏஎன் என்கிற பிஎஃப் அடையாள எண் வேலை மாறினாலும் அதேதான், புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் 2023-24க்குக் கொடுத்த மாதிரி 8.25 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கிரெடிட் கார்டில் மினிமம் டியூ, அதாவது பில்லில் கட்டாயம் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை, மட்டும் கட்டுகிற தம்பிகளே, மீதிக்கு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 42 சதவீதம், அதை வைத்துக்கொண்டு 12 சதவீதம் தரும் ஃபண்டைத் தேடுவது என்ன கணக்கோ.

மாமா இன்னமும் கல்யாண வீட்டில் பார்த்தால் "பாலிசியைப் பாதியில விட்டுட்டியேடா" என்கிறார்.